45,000 ரூபாயை இப்போது கொடுக்க வேண்டாம்

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகளும் வந்துவிட்டுப் போன பிறகு, இணையத்தில் அவள் எழுதிவருகிற வலைப்பூவை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். மொத்தம் 41 பதிவுகள். நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: அவளுடைய கவிதைகளைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் 45,000 ரூபாய் கேட்கிறது, நகையை வைத்தாவது கொடுத்துவிடலாமா? கொடுக்க வேண்டாம். அதே சமயம், எழுதுவதை நிறுத்து என்றும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் பணக் கணக்கு. அந்தக் காசுக்கு 300 பிரதி அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கிற உங்களுக்குத் தாள் விலையும் அச்சுக் கூலியும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடிப்பது சுலபம், வாங்க ஆள் வேண்டும். சொந்தக்காரர்கள், கல்லூரித் தோழிகள் என்று ஐம்பது போகும். மிச்சம் 250 உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். எழுதுபவரிடம் காசு வாங்காமல் புத்தகம் போடுகிற பதிப்பகங்களும் இருக்கின்றன. அங்கே எழுத்தாளருக்கு வழக்கமாகப் புத்தக விலையில் 10 சதவீதம் பங்கு, அதாவது ராயல்டி. 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய் கைக்கு வரும். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் பி.காம். படிப்பை அவள் கட்டாயம் முடிக்க வேண்டும். அதில் அவளுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, வாங்குகிற ஆள் எங்கிருந்து வருவார்? அதற்குத்தான் வலைப்பூ.

அவளுடைய 41 பதிவுகளில் 33 காதல் கவிதைகள். ஒவ்வொன்றையும் 15, 20 பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு பதிவை மட்டும் 640 பேர் படித்திருக்கிறார்கள். எது தெரியுமா? உங்களைப் பற்றி எழுதியது. காலண்டருக்குத் தகரம் அடித்துவிட்டு நீங்கள் ராத்திரி வீட்டுக்கு வருவது, விரல் நுனியில் இருக்கிற கீறல்களில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவது, மற்ற ஊர்க்காரர்கள் ஆடி மாதத்தில் இருக்கும்போதே உங்கள் வீட்டில் அடுத்த வருஷப் பொங்கல் தேதி எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிவது. படித்துவிட்டு தோஹாவிலிருந்து ஒருவர், தன் அப்பாவும் இதே வேலைதான் பார்த்தார் என்று எட்டு வரி எழுதியிருக்கிறார். அதற்கு உங்கள் மகள் பதில் போடவில்லை. கேட்டால், என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்றாள். ஐயா, அவர்தான் அவளுடைய முதல் வாசகர். 'உங்கள் அப்பா எந்த வருஷம் வேலை பார்த்தார்?' என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். அவர் திரும்ப வந்திருப்பார், அடுத்த கதையும் கிடைத்திருக்கும். இன்றைக்குக்கூடக் கேட்கலாம்.

கவிதையை விட்டுவிடச் சொல்லவில்லை. அவள் ஒருத்தியால் மட்டும் எழுத முடிகிற விஷயம் எது என்று பார்த்து, அதை முன்னால் வைக்கச் சொல்கிறேன். அந்தக் காலண்டர் பதிவுக்கு அவள் வைத்த தலைப்பு 'ஈரமான நினைவுகள்'. அந்த வார்த்தைகளை யார் தேடப் போகிறார்கள்? 'சிவகாசியில் தினசரி காலண்டர் எப்படித் தயாராகிறது' என்று மாற்றினால், மூன்று வருஷம் கழித்து கூகுளில் தேடுகிறவர் கையிலும் அது அகப்படும். ஃபேஸ்புக்கில் போட்டால் அன்றைக்கு நூறு பேர் பார்ப்பார்கள், ஒரு வாரம் கழித்துத் தேடி எடுப்பதே பெரும்பாடு. அங்கே இரண்டு பத்தி மட்டும் போட்டு, மீதியைப் படிக்க வலைப்பூவுக்கு வரச் சொல்லட்டும். எழுதியதற்கெல்லாம் ஒரு நகல் தன் கையிலும் வைத்திருக்கட்டும். ஃபேஸ்புக் மாதிரி இருந்த கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது, அங்கே மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு எழுத்தும் போனது, சேர்த்து வைத்த வாசகர்களும் போனார்கள்.

வாசகர்கள் சேர எத்தனை நாள் பிடிக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். அமெரிக்காவில் ஆண்டி வியர் என்றொருவர். கம்ப்யூட்டர் புரோகிராமர். வேலை போனபோது கையில் இருந்த பணத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் முழுநேரமாக எழுதிப் பார்த்தார், புத்தகம் போட ஆள் கிடைக்கவில்லை. திரும்ப வேலைக்குப் போனார். ஆனால் எழுதியதைத் தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். பத்து வருஷத்தில் சேர்ந்த வாசகர்கள் சுமார் 3,000 பேர். 2009-இல் 'தி மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமாக அங்கே போட ஆரம்பித்தார். அதில் இருந்த அறிவியல் தப்புகளை அந்த வாசகர்களே திருத்தினார்கள். அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் போடச் சொல்லிக் கேட்டவர்களும் அவர்கள்தான். 2011-இல் 99 சென்ட் விலையில் போட்டார். அது விற்ற வேகத்தைப் பார்த்துப் பெரிய பதிப்பகம் தேடி வந்து 2014-இல் அச்சிட்டது. எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனால் சம்பளம் வந்துகொண்டிருந்த வீட்டில் உட்கார்ந்துதான் அவரும் அதை எழுதினார், அதை நீங்கள் இருவருமே கவனிக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு பதிவு, ஞாயிறு காலை என்றால் ஞாயிறு காலை. பரீட்சை மாதத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். விளம்பர வருமானத்தை இப்போது கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். இணையப் பக்கங்களில் விளம்பரம் போட்டுக் காசு தருகிற கூகுள் ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்க ஆரம்பித்ததே 2018-இல்தான், சில நூறு பேர் படிக்கிற இடத்தில் அது டீச் செலவுக்குக்கூட வராது. வலைப்பூ வேறு விதத்தில் உதவும். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரி வாய்ப்புக்கு விண்ணப்பிக்கும்போதும், மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், விளம்பர எழுத்து என்று வேலை தேடும்போதும், 'இதோ நான் எழுதியது' என்று காட்ட அவளிடம் ஐம்பது பதிவுகள் இருக்கும்.

பொம்பளைப் பிள்ளை பெயர் போட்டு எழுதுகிறாளே என்ற உங்கள் பயம் நியாயமானது. பின்னூட்டம் எதுவானாலும் அவள் படித்து அனுமதித்த பிறகே வெளியில் தெரிகிற மாதிரி அமைப்பை மாற்றிவைக்கச் சொல்லியிருக்கிறேன். போன் நம்பர், வீட்டு விலாசம், கல்லூரிப் பெயர் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. அசிங்கமாக எவனாவது எழுதினால் அதை அவள் தயங்காமல் உங்களிடம் காட்ட வேண்டும். அப்போது 'எழுதினதாலதான் இது வந்துச்சு' என்று அவளை மட்டும் திட்டிவிடாதீர்கள். ஒரு தடவை அப்படித் திட்டினால், அடுத்த தடவை மறைப்பாள்.

சொந்த இணைய முகவரிக்கு வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும், அதை மட்டும் வாங்கிக் கொடுங்கள். சொல்லாமலே தேடி வந்து படிக்கிறவர்கள் 300 பேர் சேரட்டும், புத்தகத்தைப் பற்றி அப்போது பேசுவோம். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும் இல்லையா, முதலாளியிடம் அனுமதி கேட்டு அன்றைக்கு ஒரு நாள் அவளை உங்கள் அச்சகத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒரு நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும்.