உட்கட்சித் தேர்தலில் தோற்றவரின் ஆதரவாளர்கள், ஜெயித்தவருக்கு உண்மையிலேயே ஓட்டுப் போடுவார்களா?

பெரும்பாலும் போடுவார்கள், ஆனால் அது தானாக நடப்பதில்லை. அமெரிக்காவில் 2008-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்காக ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் ஜனவரியிலிருந்து ஜூன் வரை மோதியபோது, ஹிலாரி ஆதரவாளர்களில் கணிசமானோர் கருத்துக்கணிப்புகளில் எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்கே போடுவோம் என்றார்கள். அது பொய்க்கோபம் இல்லை. மாதக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கி உழைத்தவர்களின் வலி அது.

அதை ஆற்றியதில் ஹிலாரிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஜூன் 7-இல் வெளிப்படையாக ஆதரவு அறிவித்தார், அப்புறம் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சின்ன ஊரில் (உட்கட்சித் தேர்தலில் இருவருக்கும் சரியாக 107 ஓட்டு விழுந்த ஊர்) ஒபாமாவோடு ஒரே மேடையில் நின்றார், ஆகஸ்டில் டென்வரில் நடந்த கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பை நடுவிலேயே நிறுத்தி, ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லி முன்மொழிந்ததும் அவர்தான்.

செப்டம்பரில் பொருளாதாரம் சரிந்ததும் பழைய மனக்கசப்பைப் பின்னுக்குத் தள்ளியது. நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் சுமார் 89 சதவீதம் பேர் ஒபாமாவுக்கே போட்டதாக வாக்குச்சாவடிக் கணிப்பு காட்டியது. ஒரு சிலர் கடைசிவரை வரவில்லை, அதுவும் உண்மை.