சைக்கஸ் தொட்டியில் காளான்

ஜெயநகர் மாடியில் வைத்த சைக்கஸ் (பார்க்கப் பனை போலிருக்கும் அழகுச் செடி) தொட்டியில் மழைக்குப் பிறகு காளான் முளைத்திருக்கிறது, செடியைக் கொன்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை. அது மக்கும் இலை, சருகைத் தின்று வளர்வது, பிடுங்கினாலும் மண்ணுக்குள் இருக்கும் நூல் வலை சாகாது, அடுத்த மழைக்குத் திரும்ப வந்து நிற்கும். சைக்கஸ் அப்படியில்லை, வருஷக்கணக்கில் மெல்ல வளரும், ஆண் செடி வேறு பெண் செடி வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சைக்கஸ் சர்சினாலிஸ் அழியும் ஆபத்தில் உள்ள இனம், அதன் ஆண் கூம்பைத்தான் நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்கள் (இத்தனைக்கும் அது பூவே இல்லை!). தண்ணீரைக் குறையுங்கள், மண் சொதசொதவென்று இருந்தால்தான் வேர் அழுகும். அப்புறம், வீட்டில் நாய் இருந்தால் சைக்கஸ் விதையைக் கடிக்க விடாதீர்கள், விஷம்.