வயதுக்கு வராத மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. குழந்தை டாக்டர் எச்.பி.வி. தடுப்பூசி போடச் சொல்கிறார். "கர்ப்பப்பைக்கு ஊசியா? நாளைக்குக் குழந்தை தங்காமல் போய்விட்டால்?" என்று மாமியார் பயப்படுகிறார். இந்த ஊசியால் சில பெண்கள் இறந்ததாக வாட்ஸ்அப்பிலும் வந்தது. எனக்கு 38 வயது. நானும் போட்டுக்கொள்ளலாமா? - கரூர் வாசகி

பதில்: மாமியாரின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். இது கர்ப்பப்பைக்குப் போடும் ஊசி அல்ல, டி.டி. ஊசி மாதிரி தோள்பட்டைக்குக் கீழே கையில் போடுவது. எச்.பி.வி. என்பது கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ், அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. ஊசிக்குள் அந்த வைரஸ் இல்லை. வைரஸின் மேலோடு மாதிரி செய்யப்பட்ட புரதம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்து உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்கிறது. சினைப்பைக்கும் மாதவிடாய்க்கும் இதில் ஒரு தொடர்பும் இல்லை. சொல்லப்போனால், குழந்தை பெறும் வாய்ப்பைப் பறிப்பது கருப்பைவாய்ப் புற்றுநோய்தான். அதற்காகக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிய நிலை பலருக்கு வருகிறது.

வயதுக்கு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உடலுறவு வழியாகத்தான் இந்த வைரஸ் பெரும்பாலும் தொற்றுகிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே போட்டுவிட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயதுக்குள் உடம்பு எதிர்ப்புச் சக்தியை நன்றாக உருவாக்குகிறது, அதனால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் போதும். 15 தாண்டினால் வழக்கமாக மூன்று.

பலன் எவ்வளவு? ஸ்காட்லாந்தில் 2008-ல் பள்ளிகளில் இந்த ஊசியைத் தொடங்கினார்கள். 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் வெளியான ஆய்வு சொன்னது. இலங்கையில் 2017 முதல் பள்ளி மாணவிகளுக்கு அரசே போடுகிறது.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தி. அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2009-10-ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வதோதரா பகுதிகளில் ஊசி போட்ட திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்தது உண்மை. விசாரித்தபோது ஒருத்தி தண்ணீரில் மூழ்கியிருந்தாள், ஒருத்தியைப் பாம்பு கடித்திருந்தது, இருவர் பூச்சிமருந்து குடித்திருந்தார்கள். எந்த மரணத்துக்கும் ஊசி காரணமென்று விசாரணையில் தெரியவரவில்லை. ஆனால் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டது பெரிய தவறு, அந்தக் கோபம் நியாயமானது. அந்தச் சர்ச்சையில் நம் நாட்டில் நடந்துவந்த இன்னொரு எச்.பி.வி. ஆய்விலும் ஊசி போடுவது நின்றுபோய், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரே டோஸ்தான் கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அந்த ஆய்வின் மையங்களில் ஒன்று. பத்தாண்டு தொடர்ந்து கவனித்ததில் ஒரு டோஸே நல்ல பாதுகாப்பு தருவது தெரிந்தது. 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸும் போதும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊசி போட்ட கை இரண்டு நாள் வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம். இந்த வயதுப் பிள்ளைகளில் சிலர் ஊசி என்றாலே மயங்கிவிடுவார்கள். அதனால் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள், போட்டபின் 15 நிமிடம் அங்கேயே உட்கார வையுங்கள். ஈஸ்ட் அலர்ஜியோ, முந்தைய டோஸில் கடுமையான ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவாக் என்ற எச்.பி.வி. ஊசி, புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் 16, 18 என்ற வைரஸ் வகைகளைத் தடுக்கிறது. ஒன்பது வகைகளைத் தடுக்கும் ஊசியின் விலை பல மடங்கு அதிகம். கையில் பணம் சேரட்டும் என்று தள்ளிப்போடுவதைவிட, கிடைப்பதை இப்போதே போடுவது மேல்.

உங்களுக்கு 38 வயது. ஏற்கெனவே தொற்றிய வைரஸை ஊசி விரட்டாது, எனவே உங்களுக்குப் பலன் குறைவு. முதலில் வேண்டியது பரிசோதனை: பேப் ஸ்மியர் (கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது) அல்லது எச்.பி.வி. டெஸ்ட். அரசு மருத்துவமனையில் கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம், ஐந்து நிமிட வேலை. உங்கள் மகளும் 30 வயதுக்குப் பிறகு இதைச் செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

என் வெளிநோயாளர் பிரிவில் சில அம்மாக்கள் பெஞ்சின் கடைசி ஓரத்தில், யாரும் பக்கத்தில் வராதபடி உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைப்படுதலின் வாடை மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். தீட்டு நின்று பல வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல், ஆறு மாதம் ஒரு வருடம் கழித்து வருவார்கள். இவை இரண்டுமே கருப்பைவாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அதனால் பரிசோதனைக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். தீட்டு நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா என்று, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவரிடம் கேளுங்கள்.