ஷிராகவாகோவுக்குத் தனி வண்டி: முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

கேள்வி: பிப்ரவரியில் ஜப்பான் போகிறோம். நான், கணவர், மகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி. எல்லோரும் சைவம். டோக்கியோவிலிருந்து ஷிராகவாகோ மலைக் கிராமத்துக்குத் தனி வண்டி, தனி வழிகாட்டியோடு ஒரே நாளில் போய் வரலாம், பனி மூடிய வீடுகளில் விளக்கேற்றும் இரவு விளக்கொளியும் பார்க்கலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். டோக்கியோவிலிருந்து கனசாவா நகருக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலிலேயே இரண்டரை மணி நேரம். அங்கிருந்து மலைக்குப் பஸ் ஒன்றேகால் மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் போக நாலு, வர நாலு. முழுக்கக் காரில் போனால் இன்னும் மோசம். அம்மா பார்க்கப்போவது கிராமத்தை அல்ல, எக்ஸ்பிரஸ்வே தடுப்புச் சுவரை.

கிராமத்துக்குப் பக்கத்து நகரமான தகயாமாவில் ஓர் இரவு தங்குங்கள். அங்கிருந்து பஸ்ஸில் 50 நிமிடம்தான். கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் நீளமுள்ள ஹிடா சுரங்கப்பாதையை 2008-ல் திறந்ததால் வந்த வசதி இது. அதே தடத்தில் சில பஸ்களில் முன்பதிவு உண்டு, சிலவற்றில் கிடையாது. ஜேஆர் ரயில்களுக்கான சுற்றுலாச் சீட்டான ஜேஆர் பாஸும் இதில் செல்லாது. ஏன் இப்படி என்று கேட்டால் கவுன்டரில் குனிந்து வணங்குவார்கள், பதில் வராது.

சரி, தனி வண்டிதான் வேண்டும் என்றால் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஜப்பானில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட், வெள்ளை எழுத்து. ஓட்டுபவருக்கு இரண்டாம் வகை லைசென்ஸ் என்று தனியாக ஒன்று வேண்டும். வெள்ளைப் பிளேட் வண்டியில் காசுக்கு ஏற்றுவதை 'ஷிரோதாக்கு', அதாவது வெள்ளை டாக்ஸி என்பார்கள். அது சட்டவிரோதம். நம் ஆட்களிடம் 'டிரைவர் கம் கைடு' என்று விற்கப்படுவதில் பாதி இந்தச் சரக்குதான் என்பது என் அனுபவம். இன்னொரு தந்திரம், வாடகைக் காரை எடுத்து வந்து ஓட்டுவது. அந்தப் பிளேட்டில் 'வா' என்ற ஜப்பானிய எழுத்து இருக்கும்: இடப்பக்கம் ஒரு நேர்கோடு, அதிலிருந்து வலப்பக்கம் தொப்பை போல ஒரு வளைவு. அதைப் பார்த்தால் ஏறாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஓட்டுநரே பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: "போலீஸ் கேட்டால் நான் உங்கள் நண்பன் என்று சொல்லுங்கள்." பனிச் சாலையில் வண்டி சறுக்கினால் அந்த நண்பரின் காப்பீடு கைவிரிக்கலாம்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. தெரியாமல் நல்லவர்களைச் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் தங்கும் விடுதி, ஸ்டேஷனிலிருந்து தன் வேனில் இலவசமாக அழைத்துப்போகும். அந்த வேன் வெள்ளைப் பிளேட்தான், ஆனாலும் தப்பில்லை. கட்டணம் வாங்காததால் அது வாடகை வண்டி ஆகாது. அதே விடுதி, அதே வேன், அதே ஓட்டுநர், "கிராமத்தைச் சுற்றிக் காட்டுகிறேன், ஆளுக்கு இவ்வளவு யென்" என்றால் கதை வேறு. 'அன்பளிப்பு' என்று பெயர் வைத்துக் கேட்டாலும் கட்டணம் கட்டணம்தான். 

வழிகாட்டி விஷயமும் இப்படித்தான். முன்பெல்லாம் தேசியத் தேர்வு எழுதித் தேறியவர்தான் காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டவருக்கு வழிகாட்டலாம். 2018 ஜனவரியில் சட்டத்தைத் திருத்திக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 'ட்சூயாகு அன்னாய்ஷி', அதாவது மொழிபெயர்ப்பு வழிகாட்டி என்ற பட்டத்தை மட்டும் தேறியவர்தான் போட்டுக்கொள்ளலாம். அவரிடம் பதிவு அட்டை இருக்கும், கேளுங்கள். அட்டை இருந்தாலும் வண்டி ஓட்டும் உரிமை அதில் வராது.

வழிகாட்டி தேவையா? ஷிராகவாகோவில் எல்லோரும் பார்க்க வரும் குடியிருப்பான ஓகிமாச்சி ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கிற ஊர். ஆனால் நல்ல வழிகாட்டி உங்களை ஒரு வீட்டின் பரணுக்குக் கூட்டிப்போவார். அறுபது பாகைச் சரிவில் நிற்கும் புல்கூரையின் மரங்கள் அங்கே ஆணியில்லாமல் கயிறாலும் இளங்கிளைகளாலும் கட்டப்பட்டிருக்கும். கீழே அடுப்புப் புகை ஏறி ஏறி எல்லாம் தார் பூசியதுபோல் கறுத்திருக்கும். அந்தப் புகைதான் கூரையைப் பூச்சியிடமிருந்து காக்கிறது. அதே பரணில்தான் பட்டுப்புழு வளர்த்தார்கள். இதெல்லாம் சொல்லத் தெரியாமல் போட்டோ எடுத்துக் கொடுப்பவருக்கு ஏன் காசு?

தனி வண்டிக்கு உண்மையான பயன் பக்கத்து மலைப்பகுதியான கொகயாமாவில். ஷிராகவாகோவுடன் 1995-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சுகனுமா, ஐனோகுரா என்ற இரு சிற்றூர்கள் அங்கே உள்ளன. கூட்டமும் குறைவு. வெடிமருந்துக்கான வெடியுப்பை வீட்டுத் தரைக்கடியில் குழி வெட்டி விளைவித்த ஊர்கள் அவை. பஸ் எப்போதோ ஒன்றுதான் வரும். காலையில் தகயாமாவில் பெட்டிகளோடு ஏறி, மூன்று ஊர்களையும் பார்த்து, மாலையில் கனசாவாவில் இறங்குங்கள். அதற்குத் தனி வண்டி தகும். திரும்ப தகயாமாவுக்கே வருவதற்குத் தகாது.

அம்மாவுக்காக ஒரு சொல். பகலில் வெளி வண்டிகளை ஓகிமாச்சிக்குள் விடுவதில்லை. ஏஜென்ட் 'வாசலிலேயே இறக்கிவிடுவோம்' என்றால் அது பொய். ஆற்றுக்கு அப்பால் வண்டியை நிறுத்திவிட்டு, லேசாக ஆடும் தொங்குபாலத்தில் நடந்துதான் வர வேண்டும். பிப்ரவரியில் பாதை பனிக்கட்டியாக வழுக்கும். செருப்பில் மாட்டும் முள்பட்டை வாங்குங்கள். மேலிருந்து பார்க்கும் இடத்துக்கு ஷட்டில் வண்டி உண்டு. பரணுக்குப் போகும் படிகள் ஏணி மாதிரி இருக்கும், அம்மா கீழே அடுப்படியிலேயே உட்காரட்டும்.

விளக்கொளி ஜனவரி, பிப்ரவரியில் விரல்விட்டு எண்ணும் சில மாலைகளில்தான். 2019 முதல் முன்பதிவு இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் பதிவுச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் 'காய்கறிதான்' என்று சொல்லிக் கொடுக்கும் சோபா நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் மீன் சாறு. கையில் கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள்.

ஏஜென்டுக்கு இன்றே எழுதுங்கள்: வண்டி நிறுவனத்தின் பெயர், நம்பர் பிளேட்டின் படம், விளக்கொளிப் பதிவு எண். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் தகயாமா பஸ்ஸில் நாலு சீட் போட்டுவிடுங்கள்.