மும்பை தாஜ் ஹோட்டலில் அதைக் கட்டிய பொறியாளரின் ஆவி உலாவுகிறதாமே, உண்மையா?

இல்லை. குடும்பத்தோடு தங்க அறை போட்டிருப்பீர்கள், வாட்ஸப்பில் வந்த கதையைப் படித்துவிட்டு வீட்டில் பயப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அறையை ரத்து செய்யாதீர்கள்.

தெரியாதவர்களுக்காகக் கதை: சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால் கட்டிடத்தை முன்பின்னாகத் திருப்பிக் கட்டியிருந்தார்களாம். மனமுடைந்து மாடியிலிருந்து குதித்தவர் இன்னும் அங்கேயே நடமாடுகிறாராம்.

மச்சினன் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது, ஹோட்டலுக்கு எதிரே கடலோரம் இருக்கிற கேட்வே ஆஃப் இந்தியா வளைவு முன்னால் ஒரு கைடு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம ஆளுங்களுக்கு பிளான் படிக்கத் தெரியலை" என்று அவர் சொன்னதும் கூட்டம் சிரித்தது. நான் மாட்டுங்காவில் வளர்ந்தவன், கட்டிட வரைபடம் போட்டுப் பிழைப்பவன். கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

அங்கேயே சொன்னேன். அந்த ஹோட்டலை வடிவமைத்தவர் சீதாராம் கண்டேராவ் வைத்யா, கூடவே டி.என். மிர்சா. 1900இல் வைத்யா இறந்துபோனார். அதற்குப் பிறகு வேலையை ஏற்று முடித்தவர்தான் சேம்பர்ஸ். 1903 டிசம்பர் 16இல் ஹோட்டல் திறந்தது. அந்தச் சேம்பர்ஸ் பின்னாளில் கொஞ்ச தூரத்திலேயே மெஜஸ்டிக் ஹோட்டலையும் கட்டினார். குதித்துச் செத்தவர் எப்படிக் கட்டினார்?

திருப்பிக் கட்டியதாகச் சொல்வதும் தப்பு. முதலில் வாசல் ஊர்ப்பக்கம்தான் இருந்தது, இன்றைக்கு நீச்சல்குளம் இருக்கிற இடத்தில். கடல்பக்கம் அறைகளுக்கு. கேட்வே திறந்ததே 1924இல்தான். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கடல்பக்கம் முன்பக்கம், அவ்வளவுதான்.

"விடுங்க அத்தான்" என்று மச்சினன் கையைப் பிடித்து இழுத்தான். கைடு, "கதை கேக்கத்தானே சார் வர்றாங்க" என்றார். அவர் பிழைப்பைக் கெடுக்க வரவில்லை. பேயை நம்புகிறவர்களைக் கேவலப்படுத்துகிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கும் வர வேண்டாம். எங்கள் வீட்டிலும் சுடலைமாடனுக்குப் படையல் உண்டு. ஆனால் முதல் உலகப் போரில் அந்தக் கட்டிடம் 600 படுக்கை மருத்துவமனையாக இருந்தது. 2008 நவம்பர் தாக்குதலில் விருந்தினரும், அவர்களைக் காப்பாற்ற நின்ற ஊழியர்களுமாக 31 பேர் அங்கே உயிரிழந்தார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, சாகாத வெள்ளைக்காரருக்கு ஆவி வைத்து, வைத்யாவின் பெயரையே சொல்லாமல் விடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதில் என் வயிற்றெரிச்சலும் சேர்ந்திருக்கிறது, மறைக்கவில்லை. நான் முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பங்களாவின் படிக்கட்டை முழுக்க முழுக்க நான்தான் வரைந்தேன். ராத்திரி கடைசி லோக்கலைப் பிடித்து வீட்டுக்குப் போன நாட்கள் அவை. வரைபடத்தின் மூலையில் முதலாளி பெயர். பத்திரிகையில் படம் வந்தபோதும் அவர் பெயர்தான். கேட்டதற்கு, "உனக்குத்தான் சம்பளம் கொடுக்கிறேனே" என்றார். பெரிய அலுவலகங்கள் பலவற்றில் இன்றும் இதே வழக்கம்தான். டிராஃப்ட்ஸ்மேன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

தாஜுக்குப் போனால் பழைய கட்டிடத்தின் நடுவில் இருக்கும் பெரிய படிக்கட்டைக் கட்டாயம் பாருங்கள். தாங்குவதற்குத் தூண் இல்லாமல் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும். கட்டிட ஒப்பந்தக்காரர் சொராப்ஜி ரத்தன்ஜி வடிவமைத்தது அது. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.