நெல்லுக்கு அசோஸ்பைரில்லம் இட்டால் யூரியாவை நிறுத்திவிடலாமா?

கேள்வி: காவிரிப் பாசனப் பகுதியில் நெல்லும், அறுவடைக்குப் பின் தரிசில் உளுந்தும் சாகுபடி செய்கிறேன். உளுந்தைப் பிடுங்கினால் வேரில் முடிச்சுகள் தெரிகின்றன. அசோஸ்பைரில்லம் என்னும் நுண்ணுயிர் உரம் இட்டு நட்ட நெல்லின் வேரில் அப்படி எதுவும் இல்லை. அது உண்மையில் வேலை செய்கிறதா? அதை நம்பி யூரியாவை அடியோடு நிறுத்தலாமா?

பதில்: நெல் வேரில் முடிச்சு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அசோஸ்பைரில்லம் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியா இனம் அன்று. பூக்கும் பருவத்து உளுந்தின் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், முடிச்சில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நைட்ரோஜினேஸ் என்னும் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். அதனால் முடிச்சுக்குள் லெக்ஹீமோகுளோபின் என்ற சிவந்த புரதத்தைக் கொண்டு ஆக்சிஜனை மட்டுப்படுத்தி, சர்க்கரையும் ஊட்டி, அந்த பாக்டீரியாவை உளுந்துச் செடி தன் வீட்டுப் பிள்ளையைப் போல வளர்க்கிறது. நெல்லில் அந்த வசதி கிடையாது. வேரின் மேற்பரப்பிலும் ஓரளவு உட்திசுக்களிலும் தங்கி, வேரிலிருந்து கசிவதை உண்டு வாழும் அசோஸ்பைரில்லம், தான் நிலைப்படுத்தும் நைட்ரஜனில் பெரும்பகுதியைத் தனக்கே வைத்துக்கொள்கிறது. அது மடிந்து சிதைந்த பிறகே அந்தச் சத்து பயிருக்குச் சேர்கிறது.

ஆகவே யூரியாவை அடியோடு நிறுத்தாதீர்கள். பரிந்துரைக்கப்பட்ட தழைச்சத்தில் (நைட்ரஜன்) கால் பங்கு வரை குறைக்கலாம். இந்தச் சேமிப்பு நைட்ரஜனால் மட்டும் வருவதன்று. இந்த பாக்டீரியா சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி பக்க வேர்களையும் வேர்த் தூவிகளையும் பெருகச் செய்வதால், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சத்தையும் பயிர் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. என் கணிப்பில், நெல்லுக்கு இதுவே பெரிய உதவி. ஒன்றை மறக்க வேண்டாம்: மண்ணில் அம்மோனியம் மிகுந்திருந்தால் இந்த நுண்ணுயிர் நைட்ரஜனை நிலைப்படுத்தும் வேலையையே நிறுத்திவிடும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலன் தெரியவில்லை என்று சொல்பவர்கள் பலர் பொட்டலத்தை யூரியா மூட்டையின் மேல் வெயிலில் வைத்திருப்பார்கள், அல்லது காலாவதியானதை வாங்கியிருப்பார்கள். உள்ளே இருப்பது உயிர். ஏக்கருக்கு 200 கிராம் பொட்டலம் இரண்டைத் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேர்களை அரை மணி நேரம் நனைத்து, தாமதிக்காமல் நடுங்கள். நடவு வயலுக்கு நான்கு பொட்டலங்களைப் பத்து கிலோ மக்கிய தொழுவுரத்துடனும் அதே அளவு மணலுடனும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தூவுங்கள். இரசாயன உரத்துடனோ பூச்சிக்கொல்லியுடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். விதைக்குப் பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்திருந்தால் 24 மணி நேரம் கழித்தே நுண்ணுயிர் நேர்த்தி செய்ய வேண்டும்.

முதல் போகத்தில் ஒரு வயலில் மட்டும் யூரியாவைக் குறைத்து, பக்கத்து வயலோடு தூர்களின் எண்ணிக்கையையும் வேரின் அடர்த்தியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.