பழைய வீட்டுக்குப் புது டி.பி. பாக்ஸ்: எர்த்துக்கு என்ன வழி?

கேள்வி: எங்கள் வீடு 1968-ல் கட்டியது. மரக் கேசிங்கில் ஓடுவது இரண்டே வயர், எர்த் கிடையாது. கிட்காட் ஃபியூஸ் போர்டை எடுத்துவிட்டு எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச்) வைத்த டி.பி. பாக்ஸ் மாட்டப் போகிறோம். ஃப்ரிட்ஜ், கிரைண்டர் பிளக்கில் நியூட்ரலையே எர்த் பின்னுக்கு லூப் போட்டுவிடலாம் என்கிறார் வயர்மேன். சரியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கூடவே கூடாதும்மா. போர்டில் நியூட்ரல் ஸ்குரூ ஒன்று லூசானால் போதும். ஃப்ரிட்ஜுக்குள் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் அந்த லூப் வழியே ஃப்ரிட்ஜின் இரும்புப் பாடிக்கு வந்து நிற்கும். ஃப்ரிட்ஜில் ஒரு பழுதும் இருக்காது, கதவைத் தொட்டால் ஷாக். பழைய வீடுகளில் லைனும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பதும் உண்டு. அப்படியானால் சுவிட்சைப் போட்டதுமே பாடியில் 230 வோல்ட்.

‘அதான் எம்.சி.பி. இருக்கே’ என்பார் வயர்மேன். லூப் இல்லாமல் முறையாக எர்த் குழியே போட்டு, அதன் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் என்று வையுங்கள். லைன் பாடியில் பட்டால் மண்ணுக்குப் போவது அதிகபட்சம் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் இருக்கலாம். அது வயரைக் காப்பாற்றுகிற சாமான். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (போன கரண்ட் முழுசாகத் திரும்பாமல் வேறு வழியில் கசிந்தால் உடனே விழும் சுவிட்ச்) வேண்டும், மெயின் சுவிட்சை அடுத்து மாட்டச் சொல்லுங்கள்.

அது இருந்தாலும் எர்த்தை விட முடியாது. எர்த் இல்லையென்றால், நீங்கள் தொட்ட பிறகுதான் ஆர்.சி.சி.பி.க்குச் சங்கதி தெரியும்.

கொல்லையில் ஈரமண் பார்த்து, சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி, 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்குங்கள்; எர்த்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 சொல்வது அதுதான். (தண்ணிக் குழாயில் கட்டிவிடலாம் என்பவரிடம், பி.வி.சி. குழாயில் எர்த் எப்படி வரும் என்று கேளுங்கள்.) அங்கிருந்து பாக்ஸுக்கும், பாக்ஸிலிருந்து ஒவ்வொரு பவர் பிளக்குக்கும் லைன் வயரின் அதே கனத்தில் பச்சை வயர்: சாதாரண பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. பி.வி.சி. பட்டிக்குள் சுவர்மேலேயே இழுக்கலாம், இடிக்க வேண்டாம். கையில் பணம் குறைவென்றால் லைட், ஃபேனுக்கு எர்த் அடுத்த வருஷம்.

புது ஆர்.சி.சி.பி. முதல் நாளே விழுந்துகொண்டிருக்கும், பாருங்கள். இன்வெர்ட்டர் போட்ட வீடென்றால் பெரும்பாலும் இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்கோ ஒன்றாகக் கலந்திருக்கும். ‘பீஸ் சரியில்லை’ என்று அதைக் கழற்றி டைரக்ட் கொடுக்க விடாதீர்கள். கலந்த இடத்தைத் தேட ஒரு நாள் கூலி கூடக் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.